மலையும் வாசலும்

சிதம்பரம் நடராசர் கோயிலில் மிகப் புனிதமான இடமும் மிக உயரமான இடமும் ஒன்றல்ல. கூத்தபிரான் ஆடும் சிற்றம்பலம் மரத்தால் எழுப்பிப் பொன் வேய்ந்த ஒரு சிறு மண்டபம். அதன் கூரையில் 21,600 பொன் ஓடுகள் இருப்பதாகவும், அவை ஒரு நாளில் மனிதர் விடும் மூச்சுகளைக் குறிப்பதாகவும் மரபு சொல்கிறது. நிமிடத்துக்குப் பதினைந்து மூச்சு என்று பெருக்கிப் பார்த்தால் கணக்கு அப்படியே வருகிறது. இந்தச் சிறு மண்டபத்தைச் சுற்றி நான்கு திசையிலும் எழுந்து நிற்கும் கோபுரங்களோ ஏழு நிலை கொண்டவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 40 மீட்டர் உயரம். கடலூரிலிருந்து தெற்கே வரும் வழிப்போக்கருக்கு ஊர் வந்துவிட்டதை முதலில் சொல்பவை அவைதாம்.

எகிப்தில் கிசா நகரத்துப் பாலைவனத்தில் நிலைமை நேர் எதிர். சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன் கூஃபு மன்னனுக்காக எழுந்த பெரிய பிரமிடு 146 மீட்டர் உயரம்; அடிப்பக்கம் ஒவ்வொன்றும் 230 மீட்டர் நீளம்; உள்ளே சுமார் 23 லட்சம் கற்கள். இத்தனை உயரமும் ஒரே மன்னனின் அடக்க அறைக்காகக் குவிந்திருக்கிறது. அதன் வாசல் அடக்கம் முடிந்ததும் கல்லால் அடைத்து மறைக்கப்பட்டது.

ஒரு நாகரிகம் தன் மிகப் பெரிய கட்டடத்தை எதன் மேல் எழுப்புகிறது என்று பார்த்தால், அது எதைக் காக்க நினைத்தது, யாரை வரவேற்க நினைத்தது என்பதெல்லாம் தெரியவரும். தமிழகம் இந்தக் கேள்விக்கு ஒரே விடையோடு நின்றுவிடவில்லை. முதலில் கருவறையின் மேல் மலையை எழுப்பியது. பிறகு அந்த உயரத்தை வாசலுக்குக் கொண்டுவந்தது. அந்த இடமாற்றத்தைக் கண்ணால் பார்க்கச் சிதம்பரத்தைவிட நல்ல ஊர் இல்லை.

குவித்தால் நிற்கும்

எகிப்து, ஈராக், மெக்சிகோ, இலங்கை என ஒன்றோடொன்று தொடர்பில்லாத நாடுகளிலும் பழங்காலத்துப் பெருங்கட்டடங்கள் ஒரே சாயலில் இருப்பதைக் கண்டு பலரும் வியக்கிறார்கள். வேற்றுக்கிரகவாசிகள் வரை கதை போகிறது. களத்துமேட்டில் நெல்லைக் கொட்டிப் பார்த்த எவருக்கும் காரணம் புரிந்துவிடும். குவியல் தானாகவே அடி அகன்று, முனை குறுகித்தான் நிற்கும். கம்பியும் கான்கிரீட்டும் இல்லாத காலத்தில் உயரம் வேண்டியவர்களுக்கு இயற்பியல் காட்டிய வழி அது ஒன்றுதான்.

கணக்கும் எளிது. திண்ணமான ஒரு பிரமிடின் ஈர்ப்பு மையம் அதன் உயரத்தில் கால் பங்கிலேயே இருக்கிறது. 146 மீட்டர் உயரக் கட்டடத்தின் எடை முழுவதும், தரையிலிருந்து 37 மீட்டருக்குள் உள்ள ஒரு புள்ளியில் குவிந்திருப்பது போல நடந்துகொள்ளும். காற்றும் நிலநடுக்கமும் அதைச் சாய்ப்பது மிகக் கடினம்.

எகிப்தியரும் இதை ஒரே நாளில் கற்றுவிடவில்லை. சக்காராவில் இம்ஹோதெப் என்ற அமைச்சர் சோசர் மன்னனுக்காகக் கட்டியது ஆறு படிகளை அடுக்கியது போன்ற பிரமிடு. மெய்தூமில் எழுப்பிய பிரமிடின் வெளிப்புறம் சரிந்து விழுந்தது. தாஷூரில் 54 பாகைச் சரிவில் தொடங்கியவர்கள், கட்டடம் தாங்காது என்று கண்டு பாதி வழியில் 43 பாகைக்கு வளைத்தார்கள். அந்த வளைவு இன்றும் வானத்தில் எழுதிய திருத்தம் போலத் தெரிகிறது. இவற்றுக்கெல்லாம் பிறகுதான் கிசா வந்தது.

ஈராக்கில் ஊர் நகரத்தின் சிகுராத், கி.மு. 2100 அளவில் மண் செங்கல்லால் திண்ணமாக எழுப்பி, வெளியே சுட்ட செங்கல்லை நிலக்கீல் பூசிப் பதித்த படிமேடு. நமக்கு மிக அருகில் உள்ள உதாரணம் இலங்கையின் அனுராதபுரத்தில் இருக்கிறது. மகாசேனன் காலத்தில், கி.பி. 3ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய ஜேதவனாராமத் தூபி எழுந்தபோது அதன் உயரம் சுமார் 122 மீட்டர். அந்தக் காலத்தில் உலகில் அதைவிட உயரமானவை கிசாவின் இரண்டு பிரமிடுகள் மட்டுமே. அதில் அடங்கிய செங்கற்கள் ஒன்பது கோடிக்கு மேல் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

கிசாவின் கற்களை யார் சுமந்தார்கள் என்ற கேள்விக்கும் இப்போது நல்ல விடை இருக்கிறது. 2013இல் செங்கடல் கரையில் வாதி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் பியர் தாலே குழுவினர் பாப்பிரஸ் சுருள்களைக் கண்டெடுத்தார்கள். அவற்றில் ஒரு பகுதி மெரர் என்ற மேலாளரின் பணிக்குறிப்பு. தூரா சுரங்கத்துச் சுண்ணாம்புக்கல்லைப் படகில் ஏற்றி, நைல் வழியாகக் கிசாவுக்குக் கொண்டுபோனதை அவர் நாள்வாரியாக எழுதி வைத்திருக்கிறார். பிரமிடுக்கு அருகே தொழிலாளர் குடியிருப்பும், அடுமனைகளும், அவர்களுடைய கல்லறைகளும் தோண்டி எடுக்கப்பட்டுவிட்டன. சோறும் படகும் கணக்கும் கொண்ட ஓர் அரசு அந்த மலையைக் கட்டியது.

தஞ்சையில் எழுந்த மலை

தமிழகத்தில் கருவறையின் மேல் எழுந்த மலைக்கு உச்சம் தஞ்சைப் பெரிய கோயில். 1010இல் முதலாம் இராசராசன் தன் 25ஆவது ஆட்சியாண்டில் பொற்கலசம் வைத்த அந்த விமானம் 60 மீட்டரை ஒட்டிய உயரம், பதின்மூன்று தளம். குஞ்சரமல்லன் என்ற பெருந்தச்சனின் பெயர் அங்கே கல்வெட்டில் இருக்கிறது. தளிச்சேரியில் குடியேற்றிய 400 ஆடல் மகளிரின் பெயரும் அவரவர் வீடு இருந்த வரிசையும்கூட வெட்டப்பட்டிருக்கின்றன. மெரரின் நாட்குறிப்புக்கு நிகரான நிர்வாகம் அது.

தஞ்சை விமானம் பிரமிடு போலத் திண்ணமானது இல்லை. உள்ளே கூடு. கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்நோக்கி நீட்டி அடுக்கி, மேலே போகப் போக வாயைக் குறுக்கியிருக்கிறார்கள். எடை குறைகிறது, கீழே நிற்கும் லிங்கத்துக்கு மேல் வெட்டவெளி கிடைக்கிறது.

அந்தக் கூட்டுக்குள், மேல் தளத்துச் சுற்றுப்பாதையில், பரதரின் நாட்டிய சாத்திரம் வகுத்த 108 கரணங்களைச் செதுக்கத் தொடங்கினார்கள். 81 முடிந்தன. மற்றவற்றுக்கான கற்கள் வெறுமையாகவே நிற்கின்றன. ஆடும் சிவனின் அந்த அரிய சிற்ப வரிசை, வழிபட வரும் கூட்டத்தின் கண்ணில் படாத உயரத்தில், சுவர்களுக்கு நடுவே அடைபட்டிருக்கிறது. இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு சிதம்பரத்துக்கு வர வேண்டும்.

உயரம் வாசலுக்கு வந்தது

தஞ்சையில் கோபுரங்களும் உண்டு. ஆனால் அவை விமானத்துக்கு அடங்கிய உயரம் கொண்டவை. 12ஆம் நூற்றாண்டு முதல் இந்த விகிதம் தலைகீழானது. தில்லை என்னும் சிதம்பரத்திலும் கடலூர் மாவட்டத்துத் திருவதிகையிலும் நரலோக வீரன் என்ற சோழர் தளபதி செய்த திருப்பணிகளைப் பாடும் கல்வெட்டுகள் இருக்கின்றன. மண்டபமும் மதிலும் சாலையும் குளமுமாகக் கோயில் ஓர் ஊராக விரிந்துகொண்டிருந்த காலம் அது. 13ஆம் நூற்றாண்டில் சேந்தமங்கலத்திலிருந்து ஆண்ட காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன், தெற்குக் கோபுரத்தைச் ‘சொக்கச்சீயன்’ என்ற பெயரால் எழுநிலையாக எழுப்பினான். வடக்குக் கோபுரம் விசயநகரத்துக் கிருஷ்ணதேவராயர், சிம்மாசலப் போர் வெற்றிக்குப் பின் 1516இல் எடுத்தது. கிழக்குக் கோபுரத்தை 18ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் பச்சையப்ப முதலியாரின் கொடை பழுதுபார்த்தது. பல்லவர் வழிவந்த காடவன், தெலுங்குப் பேரரசன், சென்னை வணிகர் என ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத பலர், ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளில், ஒரே அளவையும் ஒரே சாயலையும் மதித்துக் கட்டியும் பழுதுபார்த்தும் வந்த வாசல்கள் இவை.

உயரம் ஏன் இடம் மாறியது? முதல் காரணம், பழைய கருவறையைத் தொட முடியாது. பாடல் பெற்ற தலத்தின் மூலத்தானத்தை இடித்துப் பெரிதாக்க எந்த அரசனும் துணியமாட்டான். தில்லையில் அது மரக்கூடமாகவே இருந்தது. முதலாம் பராந்தகன் பொன் வேய்ந்தான், அவ்வளவுதான். புதிதாகப் பெயர் பதிக்க வந்தவர்களுக்கு எஞ்சியிருந்தது சுற்றுமதிலும் வாசலும்.

இரண்டாவது காரணம் திருவிழா. மற்றச் சிவன் கோயில்களில் மூலவர் கருவறையிலேயே இருப்பார். உற்சவர்தான் வீதிக்கு வருவார். சிதம்பரத்தில் மூலவரான நடராசரே ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் சிவகாமி அம்மையோடு வெளியே வந்து, தேரேறி நான்கு வீதியும் சுற்றுகிறார். இரவு ஆயிரங்கால் மண்டபத்தில் தங்கி, விடியலில் அபிடேகம் கண்டு, பிறகே சிற்றம்பலம் திரும்புகிறார். தெய்வமே வீதிக்கு வரும் ஊரில் வாசல் வெறும் வழியாக இருந்துவிட முடியாது.

எகிப்திலும் இதே திருப்பம் நடந்திருக்கிறது. கி.மு. 16ஆம் நூற்றாண்டோடு அரச பிரமிடுகள் நின்றுபோயின. மன்னர்களை மலைப் பள்ளத்தாக்கில் மறைவாகக் குடைந்த கல்லறைகளில் புதைத்தார்கள். உயரம் முழுவதும் கோயில் வாசலுக்குப் போயிற்று. கர்னாக், லக்சர் கோயில்களின் முன்னே இரட்டைக் கோபுரமாக நிற்கும் பெருவாசல்கள் அந்தக் காலத்து வழக்கம். ஒபெத் திருவிழாவில் அமுன் தெய்வத்தைப் படகில் வைத்து, கர்னாக்கிலிருந்து லக்சருக்கு அந்த வாசல்கள் வழியாகத்தான் எழுந்தருளச் செய்தார்கள். கர்னாக்கின் முகப்பு வாசல் முடிவடையவே இல்லை. கல் ஏற்றப் போட்ட மண் செங்கல் சரிவின் எச்சம் அதன் முதுகில் இன்னும் இருக்கிறது. தெய்வம் ஊர்வலம் போகத் தொடங்கியதும் உயரம் வாசலைத் தேடி வந்ததற்கு நைல் கரையும் கொள்ளிடக் கரையும் சாட்சி.

நிலைக்காலுக்கு நடுவே

கட்டுமானக் கண்ணோடு பார்த்தால், கோபுரம் பிரமிடைவிடக் கடினமான கணக்கு. எடை அதிகமாக இறங்கும் அடிமட்டத்தில், சரியாக நடுவில், வேண்டுமென்றே ஒரு பெரிய ஓட்டையை விட்டுவிட்டு மேலே ஏழு நிலை ஏற்ற வேண்டும். கருங்கல் அழுத்தத்தைத் தாங்குவதில் மன்னன், வளைவதில் ஏழை. இழுவிசையைத் தாங்கும் அதன் வலிமை அழுத்தத்தைத் தாங்குவதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. கூஃபுவின் அறைக்கு மேலே எகிப்தியர் ஒன்பது பெரும் கருங்கல் உத்தரங்களைப் போட்டு, சுமையைக் குறைக்க அவற்றுக்கு மேல் ஐந்து வெற்றறைகளையும் அடுக்கினார்கள். அப்படியும் அந்த உத்தரங்களில் விரிசல் விட்டிருக்கிறது.

தமிழ்ச் சிற்பிகளின் வழி வேறு. கீழே உபபீடமும் அதன் மேல் இரண்டு அடுக்குச் சுவரும் முழுக் கருங்கல். அதற்கு மேல் எல்லாம் செங்கல், சுண்ணாம்பு, சுதை. கனம் கூடியது கீழே, குறைந்தது மேலே. நிலைகளின் நடுவே மரமும் கூடும் விட்டதால் இன்னும் எடை குறைகிறது. உச்சியில் படகைக் கவிழ்த்தது போன்ற சாலைச் சிகரம். அதன் முகட்டில் வரிசையாகச் செப்புக் கலசங்கள்.

எண்ணிப் பார்ப்போம். செங்கல் கட்டு ஒரு கனமீட்டர் சுமார் 1.8 டன். 40 மீட்டருக்கு நேராக எழுப்பினால் ஒவ்வொரு சதுர மீட்டர் தரையிலும் 72 டன் அழுத்தும். கருங்கல்லுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் சிதம்பரம் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, பிச்சாவரத்துச் சதுப்புக்காட்டுக்கு அருகே, வண்டல் மண்மேல் உட்கார்ந்திருக்கும் ஊர். அத்தகைய மண் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 10 முதல் 20 டன் வரைதான் பாதுகாப்பாகத் தாங்கும். கோபுரம் மேலே குறுகிப்போவதால் சுமை கிட்டத்தட்டப் பாதியாகிறது. உள்ளே கூடாக இருப்பதால் மேலும் குறைகிறது. அகன்ற பீடம் எஞ்சியதைப் பரப்பிவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் நிலை நிலையாக ஏற்றும்போது கீழே மண்ணும் மெல்ல இறுகிக்கொடுக்கிறது. கட்டுவதற்கு நல்ல பாறை கூட அருகில் கிடையாது. கடலூர் வட்டாரத்து மணற்கல் மென்மையானது. இந்தச் சுமைக்கு ஆகாது. கருங்கல் மேற்கே தொலைவிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

சிதம்பரம் பூமியின் காந்த மையம் என்றொரு செய்தி கைப்பேசிகளில் சுற்றிவருகிறது. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவைக் கடப்பது தெற்கே திருநெல்வேலிப் பக்கம். அதை அளக்கவே அங்கே ஆய்வுக்கூடம் இருக்கிறது. வண்டல் மண்ணில் நாற்பது மீட்டரை நிறுத்திய அறிவே போதுமான அதிசயம்.

கிழக்கு வாசலிலோ மேற்கு வாசலிலோ உள்ளே நடக்கும்போது, இரு பக்கமும் சுவரை ஒட்டிய அரைத்தூண்களில் மேலிருந்து கீழாகச் சிறு கட்டங்கள் அடுக்கியிருப்பதைக் காணலாம். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் ஆடல் மகள். ஒருத்தி காலைத் தலைக்கு மேல் தூக்கியிருக்கிறாள், ஒருத்தி இடுப்பை ஒடித்துப் பின்னால் திரும்பிப் பார்க்கிறாள், பக்கத்தில் மத்தளக்காரர்கள். கட்டத்துக்கு மேலே கிரந்த எழுத்தில் அந்தக் கரணத்துக்கு உரிய நாட்டிய சாத்திர வரி. 108 கரணங்களும் முழுமையாக இருக்கின்றன. தஞ்சையில் சுவர்களுக்குள் அடைபட்டிருந்த நடனம் இங்கே தயிர்க்காரியும் தேர்வடம் பிடிக்க வந்தவரும் கடந்துபோகும் பாதைக்கு வந்துவிட்டது. உயரத்தோடு கலையும் வாசலுக்கு இறங்கி வந்தது.

வடக்குக் கோபுரத்தில் அதைக் கட்டிய சிற்பிகளே கல்லில் நிற்கிறார்கள். கைகூப்பிய உருவங்களுக்கு அருகே பெயர்கள் உண்டு. விருத்தகிரி என்கிற விருத்தாசலத்துத் தச்சரும், அவருடைய மகன் விசுவமுத்துவும், காரணாச்சாரி என்பவரும் அவர்களில் அடக்கம்.

யாருக்குத் திறந்தது

வாசல் உயர்ந்ததால் எல்லாரும் உள்ளே போனார்கள் என்று எழுதினால் அது பொய். வாசல் வழிவிடவும் செய்யும், மறிக்கவும் செய்யும். 1781 ஜூனில் ஆங்கிலத் தளபதி ஐர் கூட் இந்தக் கோயிலைத் தாக்கினார். ஐதர் அலியின் படை உள்ளே இருந்தது. மதிலும் வாசலும் கோட்டையாக நின்றன. கூட் தோற்றுத் திரும்பினார்.

பீரங்கிக்கு முன்பே அந்த மதில் வேறு சிலரை மறித்திருக்கிறது. இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் சேக்கிழார் பெரிய புராணத்தை அரங்கேற்றியது இதே கோயிலில். அதில் வரும் திருநாளைப்போவார் என்ற நந்தனார், ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர்; தில்லை எல்லைவரை வந்து, உள்ளே போக முடியாமல் மதிலைச் சுற்றிச் சுற்றி வந்தவர். தென்மதிலுக்கு வெளியே மூட்டிய தீயில் இறங்கிய பிறகே அவரால் கோபுரத்தைத் தாண்ட முடிந்தது என்கிறது புராணம். உள்ளே விடப்படாதவர்களுக்குக் கிடைத்த தரிசனம் கோபுரம் மட்டுமே என்பதையும் சேர்த்துத்தான் அந்த உயரத்தைப் படிக்க வேண்டும். சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுக்குச் சட்டம் 1939இலும் 1947இலும் வந்தது. அதற்கு முன்பே, 1916இல், சுவாமி சகசானந்தர் இதே சிதம்பரத்தில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக நந்தனார் பெயரில் பள்ளி திறந்தார். அந்தப் பள்ளியின் வாசலுக்குக் கோபுரம் இல்லை. ஊரின் பெரிய வாசல்களைப் பற்றிய எந்த வரலாறும் அதைத் தவிர்த்துவிட்டு முழுமையாகாது.

1516இல் பிறந்த இரண்டு கோபுரங்கள்

வடக்குக் கோபுரத்துக்கு ஓர் உடன்பிறப்பு இருந்தது. கிருஷ்ணதேவராயர் 1516 வாக்கிலேயே காளத்தி சிவன் கோயிலில் எடுப்பித்த ஏழு நிலை ராசகோபுரம் அது. 2010 மே 26ஆம் தேதி இரவு அது இடிந்து தரைமட்டமானது. மேலிருந்து கீழாக ஓடிய விரிசல் முன்பே கண்ணில் பட்டிருந்தது. கடைசி நாள்களில் அது வேகமாக விரிந்ததால் அருகில் இருந்தவர்களை அப்புறப்படுத்தினார்கள். உயிர்ச்சேதம் இல்லை. அந்த இடத்தில் புதிய கோபுரம் எழுந்து 2017இல் குடமுழுக்கு நடந்தது. பழைய கோபுரத்தின் சுதையும் செங்கல்லும் ஐந்நூறு ஆண்டுக் கைவேலையும் திரும்பவில்லை.

பிரமிடை விட்டுவிட்டுப் போகலாம். ஜேதவனாராமத் தூபி காட்டுக்குள் மறைந்து கிடந்தும், 71 மீட்டராகக் குறைந்தும், இன்னும் நிற்கிறது. திண்ணமான குவியலுக்கு ஆள் வேண்டாம். உள்ளே கூடும் நடுவே வழியும் கொண்ட கோபுரத்துக்கு ஒவ்வொரு தலைமுறையிலும் ஆள் வேண்டும். பறவை போட்ட ஆல் விதையோ அரச விதையோ சுதை வெடிப்பில் முளைத்தால், அதன் வேர் சில ஆண்டுகளில் செங்கல்லைப் பிளந்துவிடும். மழைநீர் உள்ளே இறங்கினால் மர உத்தரம் உளுக்கும். பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை சாரம் கட்டி, செடி பிடுங்கி, சுண்ணாம்பை அரைத்துப் பூசிக் குடமுழுக்குச் செய்யும் வழக்கம் சமயச் சடங்காக இருக்கும்போதே கட்டடப் பராமரிப்பாகவும் இருக்கிறது. சிதம்பரத்தில் 2015 மே 1ஆம் தேதி நடந்தது அப்படியொரு குடமுழுக்கு.

இன்றைக்கு அந்த வழக்கத்தோடு சேர வேண்டியவை சில உண்டு. விரிசல் மில்லிமீட்டர் கணக்கில் நகர்கிறதா என்று பார்க்கும் அளவுக்கருவிகள் நான்கு கோபுரத்திலும் வேண்டும். லேசர் கருவியால் முழுக் கோபுரத்தையும் அளந்து, சாய்வு இருக்கிறதா என்று சில ஆண்டுக்கொரு முறை ஒப்பிட வேண்டும். வண்டல் மண்ணில் நிலத்தடி நீர் ஏறி இறங்கினால் அடித்தளமும் அசையும் என்பதால், வீதிகளைச் சுற்றியுள்ள ஆழ்துளைக் கிணறுகளின் நீர்மட்டத்தையும் பதிந்து வைக்க வேண்டும். சுண்ணாம்புக் கட்டின் மேல் சிமெண்ட் பூசுவதை அடியோடு நிறுத்த வேண்டும். சிமெண்ட் ஈரத்தை உள்ளே பூட்டி, பழைய செங்கல்லை அரிக்கவிடும். காளத்தியில் விரிசலைப் பார்த்தபின் கிடைத்த அவகாசம் சில நாள்கள்தாம். சிதம்பரத்தில் விரிசல் வருவதற்கு முன்பே அளக்கத் தொடங்கினால் பல பத்தாண்டுகள் கையில் இருக்கும்.